நேராக்கிய கால்கள்

பதிப்பகத்தின் முதல் மாடியில், காகிதக் கட்டுகள் அடுக்கிய நடைக்கும் மின்தூக்கிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அறைக்கு வாசகர் கடிதப் பிரிவு என்று பெயர். பிரிவு என்ற சொல் சற்றே பெரிது. அதில் பணிபுரிந்தவர்கள் இருவர்தான். குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களை எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் அனுப்புகிற கடிதங்களைப் பிரித்து, உரியவரிடம் சேர்த்து, அவர்கள் தரும் பதிலை உரிய முகவரிக்கு அனுப்புவதைத் தம் கடமையாகக் கொண்டிருந்த அம்மையாரை அலுவலகம் முழுவதும் தபாலம்மா என்று அழைத்தது. உறைகளுக்குப் பசையும் தபால்தலையும் ஒட்டி அனுப்பும் மூத்த பணியாளருக்கு விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். ஆகையால் அவர் பசை அண்ணன்.

வந்து குவியும் கடிதங்களில் பெரும்பகுதி தொப்பிக் கொக்குக்கு வருபவை. நீண்ட கால்களும், காற்றில் அடிக்கடி பறிபோகும் தொப்பியும் கொண்ட அந்தக் கொக்கைப் படைத்த ஓவியர் அம்மா, நகரின் மறுகோடியில் தம் தங்கையுடன் வசித்தார். அவர் குழந்தைகளுக்குப் பதில் எழுதுவதில்லை, வரைந்து அனுப்புவார். உள்ளங்கை அளவு அட்டையில், அந்தக் குழந்தை கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதையே கொக்கு செய்துகொண்டிருக்கும். கணக்கில் தோற்றுவிட்டேன் என்று எழுதிய சிறுவனுக்கு, தன் கால்களை எண்ணி எண்ணி மூன்று என்று முடிவுக்கு வரும் கொக்கு போகும். தம்பி பிறந்துவிட்டான், இனி என்னை யாரும் தூக்கமாட்டார்கள் என்று எழுதிய சிறுமிக்கு, தன் தொப்பியைத் தானே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கும் கொக்கு போகும். ஒன்று போல் மற்றொன்று இராது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த அட்டைகள் ஒட்டப்படாத உறைகளில் தபாலம்மாவின் மேசைக்கு வந்துசேரும்.

தபாலம்மாவுக்கு இளமை முதலே ஒரு பழக்கம் உண்டு. குழந்தை நூல் படைத்தவர்களின் கையெழுத்துகளையும் அவர்கள் கைபட்ட பொருள்களையும் அவர் சேகரித்து வந்தார். கேட்டுத்தான் பெறுவார். "தங்கள் மேசையிலிருந்து தாங்கள் எறிந்துவிட எண்ணும் ஏதேனும் ஒன்றை, தங்களுக்குச் சிரமம் இல்லையாயின், அடியேனுக்கு அனுப்பியருள வேண்டுகிறேன்" என்று அவர் எழுதும் விண்ணப்பத்தை மறுக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. ஒரு கதாசிரியர் தம் மேற்சட்டைப் பொத்தானை அனுப்பியிருந்தார். ஒருவர், கடைவாயில் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய பென்சிலை அனுப்பியிருந்தார். தூரிகை துடைத்த துணி, மையொற்றும் தாள், பாதியில் கோபம் வந்து கசக்கிய ஒரு கதையின் முதல் பக்கம் எல்லாம் வீட்டின் கண்ணாடி அலமாரியில், பெயர்ச்சீட்டுகளுடன் வரிசையாக இருந்தன.

"குப்பைக்குக்கூட விண்ணப்பம் போட்டு வாங்குற ஒரே ஆள் நீதான்," என்பார் அவருடைய கணவர். சொல்லிக்கொண்டே கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தும் வைப்பார்.

கொக்கு அட்டை முதன்முதலில் அந்த அலமாரிக்கு வந்ததில் தவறேதும் இல்லை. ஒரு குழந்தையின் முகவரி மழையில் நனைந்து அழிந்துபோயிருந்தது. அனுப்ப வழியின்றிக் கிடந்த அட்டையை, "நீங்களே வச்சுக்குங்க மேடம், வேற யாருக்குத் தரப்போறோம்?" என்று மேலாளரே கொடுத்துவிட்டார். தபாலம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அட்டையில் கொக்கு ஒரு கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தது.

தவறு அடுத்த மாதம் நிகழ்ந்தது. வந்த அட்டைகளுள் ஒன்றில் கொக்கு மழையில் குடைக்குப் பதிலாக ஒரு புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்திருந்தது. தான் நனைந்தாலும் புத்தகம் நனையக்கூடாதென்று பிறகு அதைத் தொப்பிக்குள் ஒளித்துவைக்கும் இரண்டாம் படமும் அதே அட்டையின் மூலையில் இருந்தது. அது போகவேண்டிய இடம் ஒரு பள்ளி விடுதி. எத்தனை கைகள் அதைப் பிடுங்கும், எத்தனை நாள் அது கிழியாமல் இருக்கும் என்று தபாலம்மா எண்ணினார். அந்த எண்ணம் ஒரு நியாயத்தைப் போல் தோன்றியது. பக்க வடிவமைப்பு அறையில், கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை ஒன்று உண்டு. தபாலம்மா தொழிற்கல்விக் கூடத்தில் வரைபடக் கலை பயின்றவர். கோடு போடுவதில் கை சுத்தம். மதிய இடைவேளையில், அதே தடிமன் உள்ள அட்டையில், அதே பேனா வகையில், அந்தக் கொக்கை அப்படியே நகலெடுத்தார். நகல் விடுதிக்குப் போயிற்று. அசல் அவருடைய கைப்பையில் வீட்டுக்குப் போயிற்று.

சில வாரங்கள் அவர் பயந்துகொண்டே இருந்தார். பிறகு அந்த விடுதிச் சிறுவனிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. "இதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறேன்" என்று எழுதியிருந்தான். அதைப் படித்ததும் தபாலம்மாவின் பயம் போய்விட்டது. போனது நல்லதற்கு அல்ல என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லையே என்றுதான் தோன்றியது.

கடந்த மழைக்காலத்தில் ஓவியரின் கோடுகள் நடுங்கத் தொடங்கின. முதலில் கொக்கின் கால்களில்தான் அது தெரிந்தது. ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே வந்து நிற்கவேண்டிய கோடு, வழியில் இரண்டு இடத்தில் தயங்கியிருந்தது. வெளிச்ச மேசையில் அதை நகலெடுக்கும்போது தபாலம்மாவின் கை, கேட்காமலே, அந்தத் தயக்கத்தைத் தாண்டி நேராகச் சென்றது. நிமிர்ந்து பார்த்தார். பழைய கொக்கு போலவே இருந்தது. தாம் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக அவர் மனம் குளிர்ந்தது. நடுங்கும் கோடு எந்தக் குழந்தையின் கைக்கும் போகக்கூடாது, ஓவியர் அம்மாவின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று தீர்மானித்தார். அது முதல் அவர் நல்லது கெட்டது என்று தேர்வு செய்வதை விட்டுவிட்டார். வந்த அட்டைகள் அனைத்தும் நகலாகின. அசல்கள் அனைத்தும், இடையிடையே மெல்லிய தாள் வைத்த ஒரு பெரிய ஆல்பத்தில், தேதி வரிசைப்படி அடங்கின.

இந்நிலையில்தான் மேலாளருக்கு அந்த யோசனை வந்தது.

"நம்ம ஆண்டு விழாவுக்குப் பொது நூலகத்துல பெரிய ஹால் கிடைச்சிருக்கு. கொக்கு அட்டை வாங்கின குழந்தைங்க எல்லாரையும் அதை எடுத்துட்டு வரச் சொல்வோம். சுவர் முழுக்க மாட்டிடலாம். அம்மாவையும் கூட்டிட்டு வருவோம். எப்படி?"

தபாலம்மாவின் கையிலிருந்த தபால்தலைத் தாள் மெல்லச் சரிந்தது. "குழந்தைங்க கையில... கிழிஞ்சிடுமே சார். தொலைஞ்சும் போயிடலாம்."

"அவங்களுக்குப் போனது அவங்க பொறுப்பு மேடம்."

"ஒட்டுற வேலைன்னா நான் இருக்கேன் சார்," என்றார் பசை அண்ணன். "சுவரோட சேர்த்து ஒட்டிடறேன், அப்புறம் யாரும் தொலைக்கவே முடியாது."

"அண்ணே, நீங்க தயவுசெஞ்சு பக்கத்துலயே வராதீங்க," என்று மேலாளர் சிரித்தார்.

விழா நாளன்று தபாலம்மா நூலக ஹாலின் தூண் ஒன்றின் அருகே நின்றார். சுவர் நெடுகக் கயிறு கட்டி, கிளிப்புகளில் அட்டைகள் தொங்கின. எங்கு நோக்கினும் கொக்குகள். நேரான, உறுதியான, ஒருபோதும் தடுமாறாத கால்கள். பழைய அட்டைகள் சில தவிர, அங்கே இருந்தவை யாவும் தம் கையால் வந்தவை என்பது தபாலம்மா ஒருவருக்கே தெரியும். தம் சொந்த ஓவியக் கண்காட்சிக்கு வந்ததைப் போல் அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே காது மடல்கள் சுட்டன.

ஓவியர் தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். கண்பார்வை மங்கியிருந்தது, பெரிய உருவங்கள் தெரியும், மெல்லிய கோடுகள் தெரியா. நாற்காலியில் அமர்ந்ததும் வலக்கையை இடக்கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைகள் சூழ்ந்தனர். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி, தன் அட்டையைக் கிளிப்பிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"இது எனக்கு வந்தது, கொக்கு ஆன்ட்டி."

"அப்படியா? உனக்கு என்ன வரைஞ்சேன்? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா, நீயே சொல்லு."

"கொக்கு வாயைத் திறந்து கண்ணாடி பாக்குது. பல்லைக் காணோமாம். கொக்குக்குத்தான் பல்லே கிடையாதே!"

"அது அதுக்குத் தெரியாதே. பாவம், விடிஞ்சதுல இருந்து தேடுது." ஓவியர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லணும். அதோட கால் எப்படி இருக்கு? கோடு நேரா இருக்கா, ஆடுதா?"

சிறுமி மூக்கு படும்படி அட்டையை அருகே வைத்துப் பார்த்தாள். "நேரா இருக்கு. ஸ்கேல் வச்சுப் போட்டீங்களா? நாங்க ஸ்கேல் வச்சுப் படம் போட்டா எங்க மிஸ் மார்க்கைக் குறைச்சிடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். ஓவியர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு குழந்தையைக் கேட்டார். அதுவும் நேராக இருக்கிறது என்றது. இன்னொன்று ஓடிவந்து, தன்னுடையதுதான் எல்லாவற்றிலும் நேர் என்றது. ஓவியர் தங்கையின் பக்கம் திரும்பினார். அவர் முகம் முழுவதும் மலர்ந்திருந்தது.

"கேட்டியாடி? கேட்டியா?"

"அக்கா, காலையில டம்ளரைப் பிடிக்க முடியல உனக்கு. பாதித் தண்ணி கீழ."

"டம்ளர் வேற, பேனா வேற. பேனாவை எடுத்தா கை தானா அடங்கிடுது. நீ என்மேல உள்ள அக்கறையில எதையாவது சொல்லுவ. டாக்டர்னா பயமுறுத்தத்தான் செய்வாரு. குழந்தைங்க எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லப்போகுது? வியாழக்கிழமை வரலன்னு போன் பண்ணிச் சொல்லிடு."

"அக்கா..."

"சொல்லிடுன்னா சொல்லிடு." அவர் கண்கள் மங்கலாகச் சுற்றிலும் தேடின. "தபாலம்மா இருக்காங்களா? வாம்மா. எல்லாம் உன் கை வழியாத்தானே போகுது. நீ பாத்திருப்பியே. நல்லாத்தானே வருது?"

தபாலம்மா இரண்டடி முன்னால் வந்தார். அருகில் மேலாளர் நின்றார், சிறுமி நின்றாள், தங்கை நின்றார்.

"ரொம்ப நல்லா வருதுங்கம்மா," என்றார் தபாலம்மா.

மறுநாள் காலை அலுவலகத்தில் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உண்மையைச் சொல்லாமலே ஓவியரை மருத்துவரிடம் அனுப்ப ஏதேனும் வழி உண்டா என்று எண்ணிப் பார்த்தார். பசை அண்ணன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஓவியரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். தங்கைதான் எடுத்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நேத்து நீங்க ரெண்டு பேரும் டாக்டரைப் பத்திப் பேசினது காதுல விழுந்துச்சு. எதுக்கும் ஒருதடவை காட்டிடறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் வற்புறுத்திச் சொன்னா..."

"நான் சொல்லாததா?" என்றார் தங்கை. களைத்த குரல். "நரம்பு சம்பந்தமா இருந்தா ஆரம்பத்துலயே பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தள்ளிப் போடப் போட மருந்து கேக்காதாம். அவ எங்கே காதுல வாங்குறா? இனி என்ன சொன்னாலும் குழந்தைங்க சொல்லிடுச்சுங்கிறா. நேத்து ராத்திரி நானே யோசிச்சேன். அவ வரையும்போது பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், கால் கோடு எல்லாம் நெளிஞ்சுதான் இருக்கும். அங்க சுவத்துல பாத்தா அம்புட்டும் நேரா நிக்குது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு. நானே கண் டாக்டரைப் பாக்கணும் போல."

தபாலம்மா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் இல்லாத தம் கையால் எத்தனை பேரைத் தடுமாற வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். எதற்கு நன்றி என்று தங்கைக்கும் புரிந்திராது.

மாலை வீட்டில், கணவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, தபாலம்மா ஆல்பத்தைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். கணவர் ஒரு சட்டையின் கையைப் பாதி மடித்த நிலையில் நின்றுவிட்டார்.

"இதெல்லாம் அந்த அம்மா உனக்குக் கொடுத்ததுன்னுல்ல நான் நினைச்சேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"ஆமா, சொல்லல. நானும் கேக்கல." அவர் சட்டையைக் கீழே வைத்தார். "வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கதவைத் திறந்து திறந்து காட்டினேனே. இனி அந்தப் பொத்தானைப் பாத்தாக்கூட அதையும் யார் சட்டையில இருந்து பிச்சியோன்னு தோணும்."

"அது அவரே அனுப்பினதுங்க."

"தெரியுது. ஆனா தோணுமே." ஆல்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "போன்ல சொல்லிட்டா முடிஞ்சிடாதா?" என்று கேட்டார்.

"போன்ல சொன்னா நம்பமாட்டாங்க. குழந்தைங்க சொன்னதைத்தான் நம்பறாங்க. இதைக் கொண்டுபோய்க் காட்டினாதான்."

"கொண்டுபோனா திரும்பி வராது."

"தெரியும்."

"சரி," என்றார் கணவர். ஆல்பம் நுழையும் அளவுக்கு ஒரு துணிப்பையைத் தேடி எடுத்து, அதை உதறி, அவர் கையில் கொடுத்தார்.

ஓவியரின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. தபாலம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு முற்பகலில் சென்றார். படியேறும்போது, சொல்லவேண்டியதை வாக்கியம் வாக்கியமாக அமைத்து வைத்துக்கொண்டார். பாதுகாத்தல் என்ற சொல் அதில் இரண்டு முறை வந்தது. சன்னல் ஓரத்து மேசையில் ஓவியர் அமர்ந்திருந்தார். மைக்கூடும் அட்டைகளும் முன்னால் இருந்தன. தங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தபாலம்மா உட்காரவில்லை.

"அம்மா, தங்களிடம் ஒரு விஷயத்தை மிகுந்த வருத்தத்தோட..."

"என்னம்மா, பத்திரிகை வைக்க வந்த மாதிரி பேசுற? உக்காரு."

தபாலம்மா உட்கார்ந்தார். பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து, அமைத்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வராமல், அதைத் தங்கையிடமே நீட்டினார். தங்கை முதல் பக்கத்தைத் திறந்தார். பிறகு விரைவாகப் புரட்டினார்.

"அக்கா! இதுதான். நான் பாத்தது இதுதான். பாரு, கால் நெளிஞ்சிருக்கு. நான்தான் சொன்னேனே!" அவர் குரலில் மகிழ்ச்சியே இருந்தது. கண் கெடவில்லை என்ற மகிழ்ச்சி. பிறகு அவர் கை நின்றது. "அப்போ நூலகத்துல சுவத்துல இருந்தது?"

"அது நான் வரைஞ்சதுங்க," என்றார் தபாலம்மா. "அம்மா அனுப்பினதை நான் வச்சுக்கிட்டேன். அதே மாதிரி வரைஞ்சு குழந்தைங்களுக்கு அனுப்பினேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று.

"எல்லாமேவா?" என்று கேட்டார் ஓவியர்.

"மழைக்காலத்துல இருந்து எல்லாமே. அதுக்கு முன்னாடி சிலது."

"எதுக்கு?"

பாதுகாத்தல் என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. "எனக்கு வேணும்னு இருந்துச்சுங்கம்மா," என்றார் தபாலம்மா.

"ம். அது புரியுது. ஆசைப்பட்ட, எடுத்துக்கிட்ட. கேட்டிருந்தா உனக்குன்னு ஒண்ணு போட்டுக் கொடுத்திருப்பேன், நீ கேக்கல." ஓவியர் தம் முகத்தைக் குரல் வந்த திசைக்குத் திருப்பினார். "காலை எதுக்கு நேராக்கின?"

"உங்க பேருக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு..."

"என் பேரு நடுங்கினா நடுங்கிட்டுப் போகுது! உன்னை யாரும்மா திருத்தச் சொன்னது?" அவர் குரல் உயர்ந்தது இதுதான் முதல் முறை. "எனக்குன்னு பார்வை இல்ல. இவ சொன்னா நான் நம்பல. அந்தக் குழந்தைங்களைத்தான் கண்ணா வச்சிருந்தேன். அந்தக் கண்ணையும் நீ மாத்தி வச்சிட்ட. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னையும் கேட்டேனே. நீ என்ன சொன்ன?"

தபாலம்மா காலித் துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அழுதால் அது இன்னொரு சலுகை கேட்பதாகிவிடும் என்று எண்ணி அழாமல் இருந்தார். அதில் முழுதாக வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது.

"அக்கா, விடு," என்றார் தங்கை.

"விட முடியாது. அந்த ஆல்பத்தை அவங்ககிட்டயே கொடு. முதல் பக்கத்துல இருந்து ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்லு. கோடு போடத் தெரிஞ்ச கை, கோட்டைப் பாக்கவும் தெரியும்."

தபாலம்மா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மழைக்கு முன் வந்தவை நேராக இருந்தன என்றார். மழை தொடங்கிய வாரத்தில், இடக்கால் முழங்காலுக்குக் கீழே சற்றுத் தயங்கியிருக்கிறது என்றார். பிறகு இரண்டு கால்களிலும். பிறகு தொப்பியின் விளிம்பில். அவர் தாம் நேராக்கிய ஒவ்வொரு கோட்டையும் இப்போது நெளிந்த கோடாகத் திரும்ப வாயால் வரையவேண்டியிருந்தது. பக்கங்கள் செல்லச் செல்ல அவர் குரல் தாழ்ந்தது.

"இதுல கொஞ்சம்... லேசா..."

"அந்த 'லேசா'வை விடும்மா."

"லேசா இல்லைங்க. நல்லா நடுங்குது. கால் ஒரே கோடா இல்ல. விட்டு விட்டுப் போட்டிருக்கீங்க."

"கடைசி எது?"

"போன வாரம் வந்தது. யானைப் பொம்மை தொலைஞ்ச பையனுக்கு." தபாலம்மா அந்த அட்டையைப் பார்த்தார். "கால் மாதிரியே இல்லைங்கம்மா. பிரிஞ்சுபோன நூல் கிடக்கிற மாதிரி இருக்கு. கொக்குன்னு தொப்பியை வச்சுத்தான் தெரியுது."

ஓவியர் வலக்கையை மறைக்காமல் மேசைமேல் வைத்தார். அது அங்கே தன் போக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தம்முடையது அல்லாத ஒன்றைப் போல் சிறிது நேரம் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு.

"போன் போடுடி," என்றார்.

தங்கை உள்ளறைக்குச் சென்றார். அவர் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. திரும்பி வந்தபோது கதவருகிலேயே நின்றார்.

"நாம வரலன்னு சொன்ன உடனே வியாழக்கிழமையை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்களாம். இனி அடுத்த மாசக் கடைசிதானாம்." அதை அவர் அக்காவிடம் சொன்னார், பார்த்தது தபாலம்மாவை.

தபாலம்மா எழுந்து நின்றார். "ஆல்பம் இங்கயே இருக்கட்டுங்க. டாக்டருக்குக் காட்டலாம். தேதி எல்லாம் போட்டிருக்கேன்."

"இருக்கட்டும். காட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு விடாம உரிய குழந்தைக்குப் போகணும்," என்றார் ஓவியர். "கூடவே நடந்தது என்னன்னு நீயே எழுது. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுது. இப்ப வந்ததும் ஆரம்பிச்சியே, அந்த மாதிரி எழுதாத."

"சரிங்கம்மா. என்னை மன்னிச்சு..."

"அதை அவங்ககிட்ட கேளு."

மேலாளரிடமும் தபாலம்மா அன்றே சொல்லிவிட்டார். இத்தனை பணிவான ஒருவரை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் மேலாளர் நெடுநேரம் மேசைக் காகிதங்களை அடுக்கினார். பிறகு, "இது இந்த ரூமை விட்டு வெளிய போகவேண்டாம் மேடம். குழந்தைங்களுக்கு, 'தவறுதலாக நகல் அனுப்பப்பட்டுவிட்டது'ன்னு ஒரு வரி போதும். கம்பெனி பேரு இருக்குல்ல," என்றார். தபாலம்மா தலையசைத்துவிட்டு வந்தார். மேலாளர் சொன்ன வாக்கியம் மிகவும் நேராக இருந்தது. அதைத் தாம் எழுதப்போவதில்லை என்பதை மேலாளரிடம் சொல்லும் துணிவு அவருக்கு அப்போது வரவில்லை.

அடுத்த மாத இறுதியில் தங்கை அழைத்தார். மாத்திரை தொடங்கிவிட்டார்களாம். மருத்துவர் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாராம். இத்தனை தெளிவாக ஒருவரும் கொண்டுவந்து காட்டியதில்லை என்றாராம். மழைக்காலத்திலேயே வந்திருந்தால் கையை இன்னும் கொஞ்சம் மீட்டிருக்கலாம் என்றும் சொன்னாராம். இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஆல்பத்தை வந்து எடுத்துக்கொள்ளுமாறு கூறி வைத்துவிட்டார்.

தபாலம்மா முதலில் பல் விழுந்த சிறுமிக்கு எழுதினார். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இப்படி அமைந்தது: "உனக்கு ஓவியர் அம்மா வரைந்த படத்தை நான் திருடிக்கொண்டேன். அதைப் பார்த்து நானே ஒரு படம் வரைந்து உனக்கு அனுப்பினேன். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. அதனால் அவர் வரைந்த கால் நேராக இராது. அதை உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன். நீ அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. பொய் நான் சொன்னது. உன் படம் இத்துடன் இருக்கிறது. என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்." திருடிக்கொண்டேன் என்பதை எடுத்து வைத்துக்கொண்டேன் என்று மாற்றலாமா என்று பேனா ஒருமுறை அந்த இடத்துக்குச் சென்றது. மாற்றவில்லை.

சில நாள்கள் கழித்து அவர் பெயருக்கே ஓர் உறை வந்தது. உள்ளே, முன்பு அவர் வரைந்த அட்டை இருந்தது. மூலைகள் மடங்கி, நடுவில் ஏதோ பிசுக்குப் பட்ட கைத்தடம். அதனுடன் கோடு போட்ட தாளில் பெரிய எழுத்துகள்: "இது உங்களுடையது. எனக்கு வேண்டாம். ஆன்ட்டி போட்டது வந்துவிட்டது. கால் ஆடுகிறது. பல்லைத் தேடித் தேடிக் களைத்துவிட்டது போல." மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தபாலம்மா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, பசை அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அட, கொக்கு! திரும்பி வந்துடுச்சா? ஆளில்லாம வந்தது உங்களுக்குத்தானே, அலமாரிக்கு ஒண்ணு கூடிடுச்சு. கொடுத்து வச்சவங்க மேடம் நீங்க." அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "என்னமா போட்டிருக்காங்க பாருங்க. காலு ரெண்டும் கம்பி மாதிரி."

"இது அம்மா போட்டது இல்லை, அண்ணா."

"பின்ன யாரு?"

மேலாளரின் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

"நான்."

பசை அண்ணன் சிரித்தார். தபாலம்மா சிரிக்கவில்லை. பசைத் தூரிகை அண்ணன் கையில் அப்படியே நின்றது. ஒரு துளி உறையின்மேல் விழுந்தது.

"உக்காருங்க அண்ணா," என்றார் தபாலம்மா. "சொல்றேன்."